எண்பது சதவீதம் ஆகும்வரை

ஜூன் 4, செவ்வாய்

பழைய வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் ஓட்டியது. இனி லிஃப்ட் பரிசோதகர்கள் ஆறு பேருக்கும் மின்சார வண்டிதானாம். மேலாளர் கேக் வெட்டாத குறை. "புகை இல்ல, சத்தம் இல்ல, பங்க் பக்கம் தலைவெச்சே படுக்க வேண்டாம்!"

"சார்ஜ் எங்க சார் போடறது?" என்று கேட்டார் மோட்டார். என் சீனியர். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர்.

"ஆபீஸ்ல ஒரு சார்ஜர் வெச்சிருக்கோம்ல."

ஆறு வண்டிக்கு ஒன்று. பேஷ்.

ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலைக்கு எடுத்துக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடினால் போதும்.

ஜூன் 5, புதன்

வீட்டில் சார்ஜ் போட ஒரு பிளக் கேட்டு அசோசியேஷன் செகரட்டரியிடம் போனேன். என் பார்க்கிங் இடத்துக்குப் பின்னாடி சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டர் அறை. பதினோரு மீட்டர் ஒயர் போதும். தனி பிரேக்கர், தனி எர்த்திங், தனி மீட்டர், எல்லாம் என் செலவில். படம் வரைந்தே கொண்டுபோனேன்.

படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "பேட்டரி வெடிச்சா யார் சார் பொறுப்பு?"

"இந்தக் கட்டடத்து லிஃப்ட் மோட்டார் இதைவிட மூணு பங்கு மின்சாரம் இழுக்குது. அது வெடிக்கலையே."

"அது லிஃப்ட் சார்."

இதுக்கு என்னத்தச் சொல்ல? ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் கரண்ட் சரியாக வருதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். எனக்கு ஒரு பிளக் இல்லை. கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். கூட்டம் அடுத்த மாசம்.

ஜூன் 7, வெள்ளி

வெளியே சார்ஜ் போட ஐந்து ஆப் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு ஆப்பில் தெரிகிற சார்ஜர் இன்னொன்றில் இல்லை. ஐந்தும் நாள் முழுக்க டிங் டிங் என்று உயிரை வாங்குகிறது. வண்டியோட ஆப் அதுக்கு மேல: கதவு திறந்தா சொல்லுது, மூடினா சொல்லுது, ஏ.சி. போட்டா சொல்லுது. எல்லா அறிவிப்பையும் அணைத்துவிட்டேன். அப்பாடா.

ஜூன் 8, சனி

நாளைக்கான கணக்கு. எங்கேயாவது எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும்.

என் மகள் கொசு அவள் அம்மாவோடு இருக்கிற வீடு இங்கிருந்து அறுபது கிலோமீட்டர். ஞாயிறு காலை ஒன்பதுக்கு நான் போய் அழைத்துவர வேண்டும், மாலை ஆறுக்குள் கொண்டுபோய் விட வேண்டும். போக, வர, போக, வர. இருநூற்றி நாற்பது. பழைய வண்டிக்கு இது ஒரு விஷயமே இல்லை.

புது வண்டி முழு சார்ஜில் இருநூற்றி அறுபது ஓடும் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் நூற்றி எழுபது தாண்டவில்லை, பார்த்துவிட்டேன். அதாவது அவளை இங்கே கூட்டி வந்து சேரும்போது முப்பது சதவீதம்கூட மிச்சம் இருக்காது. திரும்ப விட அது பத்தாது. ஊருக்குள் இருப்பது இரண்டு சார்ஜர். ஒன்று பெட்ரோல் பங்க்கில் ஆறு மாசமாகச் சாக்கு மூடிக் கிடக்கிறது, இன்னொன்றில் எப்போதும் டாக்ஸி வரிசை. ஆகவே நெடுஞ்சாலையில் இருபதாவது கிலோமீட்டரில், மூடிப்போன ஃபர்னிச்சர் கடைக்குப் பின்னால் இருக்கிற சார்ஜர்தான் கதி. ஐம்பது நிமிஷம் நின்று எண்பது சதவீதம் ஏற்ற வேண்டும். எண்பதுக்கு மேல் ஏறுவது எறும்பு ஊர்கிற மாதிரி. மூணு மணிக்குக் கிளம்பினால் ஐந்தேகாலுக்கு அவள் வீடு.

முடியும். முடியணும்.

கோர்ட் உத்தரவில் தெளிவாக இருக்கிறது: ஆறு மாசத்தில் மூன்று தடவை அரை மணிக்கு மேல் தாமதமானால் ஏற்பாடு மறுபரிசீலனை செய்யப்படும். மறுபரிசீலனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கோர்ட் வளாகத்தில் ஒரு அறை, மாசம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், மூலையில் ஒரு அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஏப்ரலில் டயர் பஞ்சரானதில் ஒரு தடவை ஏற்கெனவே போயாச்சு. இன்னும் இரண்டுதான்.

ஜூன் 9, ஞாயிறு

தப்பித்தேன். 5.22.

கொசுவுக்கு வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்பா, ஓடுதா நிக்குதான்னே தெரியல!" பதினோரு வயசு, காதுப் பக்கம் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள், அதனால்தான் கொசு.

சார்ஜர் இருக்கிற இடம் மகா கண்றாவி. பின்பக்கம் உடைந்த சோபாக்கள் குவியலாகக் கிடக்கின்றன. இரண்டு மெஷின், ஒன்று செத்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். போகிற லாரிகளின் நம்பர்களைக் கூட்டி ஒற்றையா இரட்டையா என்று விளையாடினோம். நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

"இதுதான்ப்பா பெஸ்ட் இடம்" என்றாள். சோபாக் குப்பையைப் பார்த்துக்கொண்டு!

"ஏன்டி?"

"இங்க நீ எங்கயும் போக முடியாதுல்ல."

ஜூன் 13, வியாழன்

ஆபீஸ் சார்ஜருக்கு டோக்கன் முறை. சனிக்கிழமை மாலை டோக்கனை மோட்டார் எனக்கு விட்டுக்கொடுத்தார். "புள்ளையப் பாக்கப் போறவன், நீ போட்டுக்கோ. நான் வீட்டுக்குத் தள்ளிக்கிட்டே போறேன்." தங்கமான மனுஷன். அரை மணி நேரம் காதில் ரத்தம் வரப் பேசினாலும் பரவாயில்லை.

ஜூன் 16, ஞாயிறு

5.15. அவள் அம்மா வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

போச்சு.

3.20-க்கு சார்ஜரில் செருகினேன். பதினெட்டு சதவீதம். ஏறத் தொடங்கியது, என் கண்ணால் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் ஆபீஸ் அவசரப் போன்; எங்காவது லிஃப்ட் சிக்கினால் ஞாயிறானாலும் எனக்குத்தான் வரும். பதினான்கு மாடிக் கட்டடம், எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். வாட்ச்மேனுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வண்டிக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது, இறங்கி அந்த சோபாக்கள் பக்கம் போய் நின்று பேசினேன். மெயினை அணை, மேலே போ, பிரேக்கைத் தளர்த்து, மெதுவா, மெதுவா. முப்பத்தைந்து நிமிஷம். அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள்.

திரும்பி வந்தால் என் வண்டியில் செருகியிருந்த சார்ஜர் கன் இல்லை. பக்கத்தில் ஒரு டெலிவரி வேனில் செருகியிருக்கிறது. எனக்கு இருபத்திரண்டு சதவீதம்.

"தானா நின்னுடுச்சுப்பா. அந்த அங்கிள் முடிஞ்சுதான்னு கேட்டாரு, எடுத்துக்கிட்டாரு." முகம் வெளுத்திருந்தது. நான் கத்தப் போகிறேன் என்று பயந்திருப்பாள்.

வேன்காரரிடம் கெஞ்சினேன். "எனக்கும் சாமான் போய்ச் சேரணும் சார்" என்றார். நியாயம்தானே. அவர் முடிக்க ஐந்தே கால். எண்பது வேண்டாம், நாற்பது போதும் என்று ஏற்றிக்கொண்டு ஓடினேன். ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இரண்டு பேரும் வேர்த்து ஊற்றி... 6.41.

அவள் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாப்பத்தோரு நிமிஷம்."

"சார்ஜர் நின்னுடுச்சு."

"போன தடவை டயர்."

கொசு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். இரண்டாவது தடவை.

ஜூன் 25, செவ்வாய்

சார்ஜர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு. கடைசியில் ஒரு பெண் பேசினாள். புகார் எண் கொடுத்தாள். "பதினைந்து வேலை நாட்களில் தெரிவிக்கிறோம் சார்." எனக்கு வேலை நாட்கள் பிரச்சினையே இல்லைம்மா, ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

போன் ஒன்றும் வரவில்லை. சார்ஜ் ஒழுங்காக ஏறியது. 5.10. இப்போது மட்டும் எப்படி ஒழுங்காக ஏறுகிறது சனியன்?

ஜூலை 2, செவ்வாய்

அசோசியேஷன் கூட்டம். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்கள், பதினெட்டு பேர் வந்தார்கள். லோடு கணக்கு, தீத்தடுப்பு, எல்லாம் அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அதால் விசிறிக்கொண்டார்கள். இரண்டாம் மாடி டீச்சர் மட்டும் "பாவம், கொடுங்களேன்" என்றார். "இன்னைக்கு இவருக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார் செகரட்டரி. கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே! பதினான்குக்கு நான்கு. தோற்றேன். மாடியேறினேன். லிஃப்டில் ஏறப் பிடிக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

திரும்பவும் அதேதான். எனக்கு எழுதக்கூடக் கை வரலை.

போன் வந்தது. மார்க்கெட் பக்கத்து ஆஸ்பத்திரி லிஃப்ட். எடுக்காமல் இருக்க முடியுமா? ஸ்ட்ரெச்சரோடு நோயாளி உள்ளே. நாற்பது நிமிஷம் பேசினேன். பாதியில் திரும்பிப் பார்த்தேன், கன் வண்டியில்தான் இருந்தது, நிம்மதியாகப் பேசினேன். வந்து பார்த்தால் இருபத்தொன்று. ஏறவே இல்லை. மறுபடி தொடங்கினால் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பிணமாக நிற்கிறது. போன் போட்டு, அவர்கள் அங்கிருந்து எதையோ அணைத்துப் போட்டு, அது உயிர் வந்து ஏறுவதற்குள் ஐந்தரை.

மெஷினை எட்டி உதைத்தேன். பெருவிரல் வீங்கியிருக்கிறது.

"அப்பா, விடுப்பா, ப்ளீஸ்ப்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அதற்கும் கத்தினேன். பாவி.

6.52. அவள் அம்மா சொன்னது: "வண்டி மேல பழி போடாதீங்க. வண்டியா அப்பன்?"

மூன்று.

ஜூலை 9, செவ்வாய்

வக்கீல் கடிதம் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி கோர்ட் ஆலோசகர் முன்னால் ஆஜராக வேண்டும். பிள்ளையையும் அழைத்து வருவார்களாம். வாடகைக்கு ஒரு பெட்ரோல் வண்டி எடுத்திருக்கலாமே என்று மோட்டார் கேட்டார். கேட்டாரே ஒரு கேள்வி. இந்த ஒரு மாசத்தில் அது ஏன் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை? வண்டியை ஜெயிக்கணும் என்று ஒரு வீம்பு. தொழில் தெரிந்தவன் என்கிற திமிர்.

ஜூலை 11, வியாழன்

சார்ஜர் கம்பெனியின் பதில்: "எங்கள் இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு தேதிகளிலும் சார்ஜை நிறுத்தியது தங்கள் வாகனம்."

வாகனமா? இது எங்கே போய் முடியப் போகிறதோ.

ஜூலை 13, சனி

வண்டியை சர்வீஸ் சென்டரில் காட்டினேன். டெக்னீஷியன் ஒருவர், நரைத்த மீசை, பேச்சே இல்லை. லேப்டாப்பைச் செருகி அரை மணி நேரம் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். ஜூன் 23, மணி 3.27, சார்ஜ் நிறுத்தம். ஜூலை 7, மணி 3.31, சார்ஜ் நிறுத்தம். ரெண்டும் உள்ள இருக்கிற டச் ஸ்கிரீன்ல கை வெச்சு நிறுத்தினது. உங்க போனுக்கே அறிவிப்பு வந்திருக்குமே?"

எல்லாத்தையும் அணைச்சு வெச்சிருக்கிற புத்திசாலி நான்.

"அந்த நேரம் உள்ள யார் சார் இருந்தாங்க?"

அதை அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அச்சடித்து, முத்திரை வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை.

ஏன்? என்னைப் பிடிக்கலையா? அம்மா சொல்லிக்கொடுத்தாளா? சே, அவள் அப்படிப்பட்டவள் இல்லை, என்னதான் சண்டை என்றாலும். அப்புறம் ஏன்டி கொசு?

ஜூலை 14, ஞாயிறு

அவசரப் போனை மோட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

சார்ஜரில் செருகி உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். கத்தவில்லை. "நீதானே நிறுத்தினே?"

தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீ போன் எடுத்துட்டுப் போனேல்ல, அதான்."

"போன் எடுத்தா?"

"விளையாடறப்ப ஒருத்தர் வெளிய போனா டைமை நிறுத்தி வெப்பாங்கப்பா. எண்பது ஆகற வரைக்கும் நம்ம டைம். நீ போன்ல இருந்தா அது நம்ம டைம் இல்லல்ல? நீ வந்ததும் திரும்ப ஆன் பண்ணிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள அந்த வேன் அங்கிள்... அப்புறம் மெஷின் சிவப்பாயிடுச்சு. நீ கத்தினே. எனக்குச் சொல்ல பயமா இருந்துச்சு."

அதற்கு மேல் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாற்பத்தாறு வயசு ஆள், குப்பைச் சோபாக்களுக்கு முன்னால். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதப்பா. அந்தக் கோர்ட் மேடம்கிட்டயும். அம்மா ஒரு வாரம் பேச மாட்டாங்க."

"சொல்ல மாட்டேன்."

"பிராமிஸ்?"

"என் மேல சத்தியம்டி."

எண்பது ஆனது. யாரும் நிறுத்தவில்லை. 5.12.

ஜூலை 17, புதன்

நாளைக்கு. அந்த முத்திரை வைத்த காகிதம் பையில் இருக்கிறது. எடுத்துக் காட்டப் போவதில்லை. சும்மா, ஒரு தைரியத்துக்கு. வண்டி புதுசு, பழகவில்லை, இனி வாடகைக்குப் பெட்ரோல் வண்டி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

காட்ட மாட்டேன்.

ஜூலை 18, வியாழன்

காட்டிட்டேன்.

முழுசா எழுதறேன். எழுதாம விட்டா நாளைக்கு எனக்கு நானே வேற கதை சொல்லிப்பேன்.

சின்ன அறை. மேசை, நாலு நாற்காலி, சுவரில் யாரோ பிள்ளைகள் வரைந்த படங்கள். ஆலோசகர் மேடம் நிதானமானவர். கொசு வெளியே பெஞ்சில், ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு. நான் நினைத்த மாதிரியேதான் பேசினேன். புது வண்டி, பழக்கமில்லை, மன்னிக்கணும். மேடம்கூட இளகிய மாதிரி தெரிந்தது.

அப்போது அவள் அம்மா சொன்னாள், என்னைப் பார்க்காமல், மேடத்தைப் பார்த்து: "வண்டி எல்லாம் சாக்கு மேடம். இவருக்கு எப்பவுமே வேற யாராவதுதான் முக்கியம். பிள்ளை பிறந்த அன்னைக்கு எங்கயோ லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு போனவர். மறுநாள்தான் வந்தார். பிள்ளை இவருக்காகக் காத்திருந்து காத்திருந்து ஓஞ்சு போச்சு."

பொய் இல்லை அது. ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால்தான் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கை தானாகப் பைக்குள் போனது. காகிதத்தை மேசையில் அடித்து வைத்தேன்.

"நான் லேட் பண்ணல. பாருங்க. நிறுத்தினது நான் இல்ல. அவ."

நானா சொன்னேன்? என் வாய்தான் சொன்னது.

மேடம் படித்தார். கொசுவைக் கூப்பிட்டார். "யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க கண்ணு. இது நீ செஞ்சதா?"

காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஆமா."

"ஏன்மா அப்படிச் செஞ்சே?"

சொல்லுடி. அப்பா போன் பேசிக்கிட்டே இருப்பார்னு சொல்லு. அவ அம்மா சொன்னது அப்படியே நெசம்னு ஆயிடும், மாசத்துக்கு ரெண்டு மணி நேரம்னு எழுதிடுவாங்க. சொல்லு, எனக்கு வேணும் அது. மனசுக்குள்ள கத்தறேன். வெளிய ஒரு சத்தம் வரலை.

"சும்மா" என்றாள். "விளையாட்டுக்கு."

காட்டிக்கொடுத்த அப்பனைக் காட்டிக்கொடுக்கலை அவ. நானாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வாயில கொழுக்கட்டையா இருந்தது? சொல்லலை. சொன்னா தோத்திருப்பேன்.

மேடம் பழைய ஏற்பாடே தொடரட்டும் என்று எழுதினார். "பிள்ளைக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வராந்தாவில் அவள் அம்மா என்னிடம் வந்து நின்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க." பிறகு கொசுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "உன்னால அப்பாவுக்கு எவ்வளவு அவமானம், தெரியுமா?" படியிறங்குகிற வரைக்கும் கேட்டது.

ஜூலை 19, வெள்ளி

"ஜெயிச்சுட்டியாமே!" என்று மோட்டார் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

பின் சீட்டில் ஏறினாள். "முன்னாடி வாயேன்" என்றேன். "வேணாம்ப்பா, அங்க ஸ்கிரீன் இருக்கு."

சார்ஜர் முன்னால் ஐம்பது நிமிஷம். லாரி நம்பர் விளையாடலாமா என்று கேட்டேன். "நீ விளையாடு." நான் மட்டும் எப்படி விளையாடுவது?

மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். "பரவால்லப்பா" என்றாள் உடனே, கடையில் சில்லறை இல்லை என்கிறவரிடம் சொல்வதுபோல. கோபப்பட்டாலாவது தேவலை.

ஜூலை 28, ஞாயிறு

பரீட்சைக்குப் படிக்கணுமாம், வரவில்லை. அவள் அம்மாதான் போன் பண்ணினாள், பாவம், எனக்காக வருத்தப்பட்டாள். "நான் போகச் சொல்லித்தான் பார்த்தேன்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

அதிசயம். செகரட்டரியே கதவைத் தட்டினார். அவர் மருமகன் மின்சார வண்டி வாங்கியிருக்கிறாராம், வார இறுதியில் வந்தால் சார்ஜ் போட வேண்டுமாம். "உங்க பிளான் அருமையான பிளான் சார், நான் அன்னைக்கே சொன்னேன்!" மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? பிளக் திங்கட்கிழமை போடுகிறார்கள். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வந்தாள். 5.14-க்கு விட்டேன். வேறொன்றும் இல்லை எழுத.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பதினோரு மீட்டர் ஒயர், தனி பிரேக்கர். நான் வரைந்தபடியே வந்திருக்கிறது. விடியும்போது நூறு சதவீதம். மோட்டாரிடம் சொன்னேன். "இனி உனக்கென்னப்பா, ராஜா" என்றார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் நூறோடு கிளம்பினேன். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கீழே பிளக்கில் செருகினேன். அவள் சாப்பிட்டாள், கதைப்புத்தகம் படித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தட்டைத் தானே கழுவி வைத்தாள், விருந்தாளி மாதிரி. மூணு மணிக்கு வண்டியில் எழுபத்தைந்து இருந்தது. போய், விட்டு, திரும்பி வர அதுவே போதும்.

மூடிய ஃபர்னிச்சர் கடை வந்ததும் நான் வண்டியை உள்ளே திருப்பினேன். மெஷின் காலியாக இருந்தது. யாருமே இல்லை.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அறுபத்தஞ்சு இருக்கேப்பா. எதுக்கு நிறுத்தறே?"

"சும்மா. கொஞ்ச நேரம்."

"வேணாம்ப்பா. போலாம்."

போனோம். கேட்டருகே இறங்கும்போது மணி 4.12. கதவைத் திறந்த அவள் அம்மாவுக்கு ஆச்சரியம். "என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"சார்ஜ் நிறைய இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் அம்மா உள்ளே வந்து டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தெருமுனை வரைக்கும் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, எதிர்ப்பக்கம் நிறுத்தினேன். போன் வந்தது, எடுக்கவில்லை. ஆறு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உத்தரவுப்படி ஆறு வரைக்கும் என் நேரம்.